ஒற்றைக் காது லெமேக்கியும் மூன்று முட்களும்

பாட்டு ஓடும்போது நாங்கள் எல்லோரும் கண்ணை மூடிக்கொள்வோம். லெமேக்கி மட்டும் கண்ணை அகலத் திறந்து கணினித் திரையையே முறைத்துக்கொண்டிருப்பான். பாட்டைக் காதால் கேட்பார்களா, கண்ணால் பார்ப்பார்களா? எனக்கு இது ரொம்ப நாளாக மண்டையைக் குடைந்த விஷயம்.

லெமேக்கி என் தாய்மாமன் மகன். அதனால் அவனை நான் என்ன கிண்டல் செய்தாலும் கேட்பாரில்லை. அவனும் என்னைச் சும்மா விடமாட்டான். எங்கள் தீவு நாட்டின் லவுத்தோக்கா சர்க்கரை ஆலையில் கரும்பு லாரிகளை எடை போடும் வேலை அவனுக்கு. பத்து வயதில் கடலில் வீம்புக்கு ஆழமாக முங்கி இடது காதைப் போக்கிக்கொண்டான். சர்ச்சானாலும் சாப்பாட்டுப் பாயானாலும், இடது பக்கம் சுவர் இருக்கிற இடமாகப் பார்த்துத்தான் உட்காருவான். இந்த ஆள்தான் எங்கள் குழு பாடிப் பதிவு செய்கிற குரல்களையும் கிடாரையும் கலந்து பாட்டாக்கித் தருகிறவன்!

"மச்சான், கரும்பு மாதிரி பாட்டையும் எடை போடுறியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"ஆமா. உன் குரல் மட்டும் எப்பவும் ஓவர்லோடு."

நான் குழுவில் கீழ்க்குரல் பாடும் அடித்தொண்டைக்காரன். எங்கள் ஊரில் அடித்தொண்டை கேட்காத பாட்டைப் பாட்டென்றே சேர்க்கமாட்டோம், அது வேறு கதை. அவன் திரையில் சத்தத்தை அளக்கும் மூன்று முட்கள் ஆடிக்கொண்டிருந்தன. இணையத்தில் ஓசியில் இறக்கினவையாம். முதல் முள், சத்தம் எந்த நொடியில் எகிறுகிறது என்று காட்டும். எல்லை மீறினால் சிவப்பு. இரண்டாவது, பாட்டு மொத்தமும் சராசரியாக எவ்வளவு சத்தம் என்று சொல்லும். ஒவ்வொரு குரலையும் தனியாக ஓடவிட்டு, முள் அவன் குறித்த கோட்டுக்கு வரும்வரை ஏற்றி இறக்குவான். அப்புறம்தான் எல்லாவற்றையும் சேர்ப்பான்.

"மூணாவது எதுக்குடா?"

"அது வலப் பக்கச் சத்தமும் இடப் பக்கச் சத்தமும் ஒத்துப்போகுதான்னு பாக்குறது. முள் வலது பக்கம் சாஞ்சா சமாதானம். இடது பக்கம் சாஞ்சா சண்டை."

"சண்டை வந்தா?"

"இதுவரைக்கும் வந்ததில்ல," என்றான். நான் கொட்டாவி விட்டேன்.

இந்த வருஷம் எங்கள் உச்சக்குரல்காரன் அபெனிசா, ஆஸ்திரேலியாவில் இறைச்சி வெட்டும் வேலைக்கு மூன்று வருஷ ஒப்பந்தத்தில் கிளம்பினான். அவன் என் சித்தி மெரேசியாவின் ஒரே பிள்ளை. சித்தி இருப்பது யசாவா தீவில். படகு கிடைக்காமல், பிள்ளையை வழியனுப்பக்கூட வர முடியவில்லை. அதனால் அவன் போவதற்கு முன்னாலேயே ஒரு பாட்டைப் பதிவு செய்து வைத்தோம். அவன் போன பிறகு வரும் ஞாயிறு மதியம் வானொலியில் போடச் சம்மதித்தார்கள். வெள்ளி நண்பகலுக்குள் அனுப்ப வேண்டும். தீவில் ஊருக்கெல்லாம் சேர்த்து ஒரே ரேடியோ, கூட்டம் போடும் கூடத்தில். சித்தி அதன் முன்னால் உட்கார்ந்து பிள்ளையின் குரலைக் கேட்க வேண்டும். எங்களுக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

அங்கேதான் என் வாய் சும்மா இருக்கவில்லை. "இது முக்கியமான பாட்டு. ஒத்தைக் காதுக்காரன் கையில எதுக்கு? தலைநகர் சுவாவில பெரிய ஸ்டூடியோக்காரர் இருக்கார், அவர்கிட்ட குடுப்போம்," என்றேன். லெமேக்கியின் நல்ல காது பக்கம் உட்கார்ந்துகொண்டேதான் சொன்னேன். அவன் அன்றைக்கே எல்லாப் பதிவுகளையும் சுவாக்காரருக்கு அனுப்பி வைத்தான். அபெனிசா திங்கட்கிழமை விமானம் ஏறினான்.

வியாழன் மாலை சுவாவிலிருந்து பாட்டு திரும்பி வந்தது. யங்கோனா வேர்ப்பொடி கரைத்த பானக் கிண்ணம் ஒரு பக்கம் சுற்ற, ஹெட்போன் மறுபக்கம் சுற்றியது. அடேயப்பா! அபெனிசாவின் குரல் இரண்டு காதுக்கும் வெளியே வானம் மாதிரி விரிந்து நின்றது. கைதட்டித் தீர்த்தோம். லெமேக்கி மட்டும் அதைத் தன் கணினியில் போட்டுப் பார்த்தான்.

"மச்சான்," என்றான் மெதுவாக. "அபெனிசா இதுல இல்ல."

"உனக்கு இன்னொரு காதும் போயிருச்சா?"

"என் காதுக்கு நல்லாத்தான் கேக்குது. முள்ளைப் பாரு."

பார்த்தேன். நாங்கள் பாடும்போது வலது பக்கம் நின்ற மூன்றாவது முள், அபெனிசா வாயைத் திறந்ததும் இடது பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு தடவையும். சுவாக்காரர் அவன் குரலை இரண்டாக்கி, ஒன்றைத் தலைகீழாகப் புரட்டி பக்கத்துக்கு ஒன்றாக வைத்திருக்கிறார் என்றான் லெமேக்கி. இரண்டு காதில் கேட்டால் விரிந்து கேட்கும். ஒரே ஸ்பீக்கரில் இரண்டும் சேர்ந்தால் ஒன்றை ஒன்று தின்றுவிடும்.

"கதை விடாத," என்றேன். அவன் எழுந்துபோய்ச் சமையலறையில் இருந்த ஒற்றை ஸ்பீக்கர் பெட்டியில் பாட்டைப் போட்டான்.

கிடார் கேட்டது. என் அடித்தொண்டை ஜம்மென்று கேட்டது. அபெனிசா பாட வேண்டிய இடத்தில் ஒன்றுமே இல்லை. அவன் பாடாமல் நாங்கள் மட்டும் பாடிக்கொண்டிருந்தோம், இறந்தவன் வீட்டில் பாடுகிற மாதிரி. தீவு ரேடியோவுக்கும் ஒரே ஸ்பீக்கர்தான். சித்தி இதைக் கேட்டிருந்தால்? பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்றல்லவா நினைத்திருப்பாள்!

"மச்சான், நான் சொன்னதை மனசில வச்சுக்காத," என்றேன்.

"எதை? நீ சொன்னது எனக்குக் கேக்கவே இல்லையே," என்றான். வெட்கமாகப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு உட்கார்ந்தான். அபெனிசாவின் குரலை ஒன்றாகவே, நடுவில் வைத்தான். எங்களை ஒவ்வொருவராக இறக்கினான். என்னைத்தான் அதிகமாக. முதல்முறையாக நான் "ஏத்து" என்று சொல்லவில்லை. அவன் பக்கத்தில் உட்கார்ந்து நானும் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பாட்டைப் பார்த்தேன். அபெனிசாவின் ஒவ்வொரு வரிக்கும் முன்னால் முதல் முள் லேசாக ஒரு துள்ளு துள்ளியது.

"அது என்னடா? யாரும் பாடலையே."

"மூச்சு. வரி எடுக்கிறதுக்கு முன்னாடி இழுக்கிறான்."

"வெட்டிரு. பாட்டு சுத்தமா இருக்கும்."

"ஆளே போயிட்டான். மூச்சாவது இருக்கட்டும்," என்றான் லெமேக்கி.

பதினொன்றே முக்காலுக்குப் பாட்டை அனுப்பினோம்.

ஞாயிறு மதியம் இங்கே எங்கள் ரேடியோவில் எல்லோரும் கேட்டோம். அபெனிசா இருந்தான். ஆனாலும் எனக்கு மனசு ஆறவில்லை, சித்தியிடமிருந்து சேதி வரவில்லையே. தீவில் சிக்னல் வேண்டுமென்றால் மலையேற வேண்டும். நாலு மணிக்குப் போன் அடித்தது. சித்திக்கு மூச்சு வாங்கியது.

"சித்தி, அபெனிசா குரல் கேட்டுச்சா?"

"குரலா? அதுக்கு முன்னாடியே தெரிஞ்சுபோச்சுடா. பாடுறதுக்கு முன்னாடி மூச்சை இழுப்பான் பாரு, தொட்டில்ல அழும்போதும் அப்படித்தான் இழுப்பான். பக்கத்துல உக்காந்திருக்கான்னு நினைச்சுத் திரும்பிப் பாத்துட்டேன். இதை யாரு பண்ணது?"

நான் போனை லெமேக்கியிடம் நீட்டினேன். "அத்தை," என்று சொல்லி, அதை வலது காதில் வைத்துக்கொண்டு கண்ணை மூடிக்கொண்டான்.