அப்பாவு ஆடிய ஒன்பது குழி

அண்ணனூரில் ரயில் பெட்டிகளைக் கழுவி நிறுத்தும் பணிமனைக்குப் பின்னால் அப்பாவுவின் வீடு. கூடத்தின் நடுவில் மின்விசிறி மாட்டியிருந்தாலும் அதற்கு நேர்கீழே யாரும் படுக்கக் கூடாது. சித்திரை வெயிலிலும் பாய்களைச் சுவரோரமாகத்தான் விரிக்க வேண்டும். மனைவி சொர்ணம் முதலில் சண்டை போட்டுப் பார்த்தாள், பிறகு விட்டுவிட்டாள். தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடினால் அப்பாவு போய் மட்டையை வாங்குவார். கைப்பிடியை முறுக்கிப் பார்த்து, காதருகே வைத்துத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் திருப்பிக் கொடுப்பார். அக்கம்பக்கத்தில் அவருக்கு ஏதோ கிறுக்கு என்று நினைத்தார்கள்.

கிறுக்கெல்லாம் இல்லை, பயம். 1982இல் அவர் மண்ணூர்பேட்டையில் ஓர் இரும்புப் பட்டறையில் சம்மட்டி அடித்துக்கொண்டிருந்தார். பழுத்த இரும்பைக் குறடால் பிடித்துக்கொள்வது துலுக்கானம், அடிப்பது அப்பாவு. இருவருக்கும் ஒரே வயது. ஒருவர் டிபன் பாக்ஸில் மற்றவர் கைவிட்டுச் சாப்பிடும் அளவுக்குப் பழக்கம். ஒரு வியாழக்கிழமை முற்பகல், மூன்றாவது அடிக்கு ஓங்கி இறக்கும்போது சம்மட்டியின் தலை கழன்று போய்விட்டது. கையிலிருந்த கனம் திடீரென்று இல்லாமல் போனதுதான் அப்பாவுவுக்கு முதலில் தெரிந்தது. பிறகுதான் துலுக்கானம் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்ததைப் பார்த்தார். இடது கண் போய்விட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனார். வார்டு வாசல் வரைக்கும் போய், தூணுக்குப் பக்கத்தில் நின்று, கட்டுப் போட்ட தலையைப் பார்த்தார். கால் உள்ளே போகவில்லை. வாங்கிப் போன சாத்துக்குடியைத் தூணடியில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு பட்டறைக்கும் போகவில்லை.

உள்ளே போக முடியாததற்கு ஒரு காரணம் இருந்தது. இரண்டாவது அடியிலேயே சம்மட்டியின் கைப்பிடிக் கட்டையில் ‘டிக்’கென்று ஒரு சின்னச் சத்தம் கேட்டது. கேட்டும் ஓங்கினார், இரும்பு ஆறிவிடப் போகிறதே என்று. அந்தச் சத்தத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொன்னதில்லை. சொர்ணத்திடம்கூட.

அடுத்த வருடம் ஆவடியில் படைத்துறைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை கிடைத்தது. கருவிகள் வைக்கும் பிரிவில் சுத்தியல், சம்மட்டி, அரம் எல்லாவற்றுக்கும் கைப்பிடி போடும் வேலை. அவர் போட்ட கட்டை ஒன்றுகூடக் கழன்றதில்லை என்று அங்கே பேர் வாங்கினார். எல்லாம் பயம் செய்த வேலை என்பது பாராட்டியவர்களுக்குத் தெரியாது.

1993 மாசி மாதம், ஜேம்ஸ் என்ற அதிகாரி ஒரு கான்வாஸ் பையைத் தூக்கிக்கொண்டு அவரிடம் வந்தார். நாகர்கோவில் பக்கத்துக்காரர், குவார்ட்டர்ஸில் குடும்பத்தோடு இருப்பவர். பைக்குள் ஏழு கோல்ப் மட்டைகள். இப்போது கடையில் வருவது போல இரும்புத் தண்டு இல்லை, ஹிக்கரி என்ற வெளிநாட்டு மரத்தில் செய்த மெல்லிய தண்டு. பிடியில் கறுத்துப்போன தோல் சுற்றியிருந்தது. ஜேம்ஸின் அப்பா கோத்தகிரியில் தேயிலைத் தோட்டத்துக் கணக்கராக இருந்தவர். தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போன துரை அவற்றை அவரிடம் கொடுத்துவிட்டுப் போனாராம். அப்பா ஒருநாளும் ஆடவில்லை, பரணில் வைத்தே காலமாகிவிட்டார். அவற்றை வைத்து ஒரு முறையாவது முழு ஆட்டம் ஆடிவிட வேண்டும் என்று ஜேம்ஸுக்கு ஆசை. ஆனால் ஏழில் நான்குக்குத் தலை ஆடியது.

அப்பாவு மூன்று வாரம் எடுத்துக்கொண்டார். துருப்பிடித்த ஆணிகளைத் தட்டி எடுத்தார், பழைய பிசினைச் சுரண்டினார், புதுப் பிசின் விட்டு ஆணி அறைந்தார், மெழுகு தேய்த்த நூலால் கழுத்தில் இறுக்கிச் சுற்றினார். மரம் அவருக்குப் பிடித்துப்போனது. கனமே இல்லாமல், வளைந்துகொடுத்து, விட்டால் நிமிர்ந்துகொண்டது. இவ்வளவு மெல்லிய தண்டின் நுனியில் இரும்பை மாட்டி மனிதர்கள் ஓங்குகிறார்களே என்ற நினைப்பு வரும்போது மட்டும் மட்டையைக் கீழே வைத்துவிடுவார்.

வாங்கிக்கொண்டபோது ஜேம்ஸ் சொன்ன செய்தியில்தான் அவருக்குத் தூக்கம் போயிற்று. கூட ஆட இருந்த நண்பர் வரவில்லையாம். “ஞாயித்துக்கிழமை நீங்க வாங்க அப்பாவு. நீங்க பாதி அடிங்க, நான் பாதி அடிக்கேன். ஏதாவது லூசானா உங்களுக்குத்தானே உடனே தெரியும்” என்றார்.

அப்பாவு தனக்கு ஆடத் தெரியாது என்றார், தோள்வலி என்றார், மைத்துனர் வீட்டில் விசேஷம் என்றார். ஜேம்ஸ் அதையெல்லாம் கூச்சம் என்று எடுத்துக்கொண்டார். மரியாதை செய்கிறோம் என்ற நினைப்பு அவருக்கு.

ஓங்குவது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் வேறு. ஜேம்ஸ் கூப்பிட்ட, ஏரிக்கரையோரம் இருந்த கோல்ப் மைதானத்தில் துலுக்கானம்தான் தரை பார்த்துக்கொள்கிறார், ஆடுபவர்களின் பையையும் சுமக்கிறார் என்று நான்கு வருடத்துக்கு முன்பே காதில் விழுந்திருந்தது. அன்றிலிருந்து அப்பாவு அந்த ரோட்டில் சைக்கிளே விட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் போனார். புல்தரையெல்லாம் இல்லை. செம்மண் பொட்டல், நடுநடுவே காய்ந்த புல், ஓரமெல்லாம் சீமைக் கருவேலம். குழி இருக்கும் இடங்களில் மட்டும் மணலில் எண்ணெய் விட்டு இழுத்து, கறுப்பாக வட்டம் போட்டிருந்தார்கள். முதல் குழிக்கு அடிக்கும் மேட்டில் ஜேம்ஸ் நின்றுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால், தோளில் பையோடு, துலுக்கானம்.

தலை நரைத்திருந்தது. இடது கண் மூடி ஒட்டியிருந்தது. வலது கண் அப்பாவுவை ஒருமுறை பார்த்துவிட்டு ஏரிப் பக்கம் திரும்பிக்கொண்டது.

முன்பே தெரியுமா என்று ஜேம்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக் கேட்டார்.

“தெரியும் சார். ஒரே பட்டறைல இருந்தோம்” என்றார் துலுக்கானம். மீதியை எப்போது சொல்லப் போகிறாரோ என்று அப்பாவுவுக்கு முதுகு நனைந்தது.

ஜேம்ஸ் முதலில் அடித்தார். பந்து தாழ்வாகப் பறந்து வெகுதூரம் உருண்டது. பிறகு பந்து கிடந்த இடத்துக்கு நடந்துபோய் மட்டையை அப்பாவுவிடம் கொடுத்து, காலை எப்படி வைப்பது, தோளை எப்படித் திருப்புவது என்று காட்டினார். அப்பாவு ஓங்கும் முன்னால் சுற்றிலும் பார்த்தார். பந்து எங்கே விழுகிறது என்று பார்ப்பதற்காகத் துலுக்கானம் முன்னால், சற்று இடப்பக்கமாகப் போய் நின்றிருந்தார். அப்பாவுவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“அவர கொஞ்சம் பின்னால வரச் சொல்லுங்க சார்.”

ஜேம்ஸ் சிரித்தார். துலுக்கானம் சிரிக்காமல் நடந்து வந்து பின்னால் நின்றார். அப்பாவு ஓங்கினார். மட்டை பந்துக்கு ஒரு சாண் மேலே காற்றை வெட்டிக்கொண்டு போனது. இரண்டாவது முறை மண் பறந்தது. மூன்றாவது முறை பந்து பத்தடி தள்ளிப் போய் ஒரு முள்செடிக்குள் உட்கார்ந்தது. ஒவ்வொரு முறையும் அவர் மட்டையின் தலையைத்தான் பார்த்தார், பந்தைப் பார்க்கவில்லை.

இரண்டாம் குழி, மூன்றாம் குழி. அதே கதைதான். துலுக்கானம் பந்து தேட முன்னால் போவார், அப்பாவு காத்து நிற்பார், துலுக்கானம் பின்னால் வந்த பிறகுதான் ஓங்குவார். வெயில் ஏறியது. ஒவ்வொரு அடிக்குப் பிறகும் அப்பாவு தண்டைக் காதருகே வைத்து விரலால் சுண்டிக் கேட்டார். நான்காம் குழியில் தற்செயலாக ஓர் அடி பந்தின் நடுவில் பட்டது. பந்து நேராக எழும்பிப் போனது. ஜேம்ஸ் கைதட்டினார். மரத்தின் வழியாக உள்ளங்கைக்கு வந்த மெல்லிய அதிர்வு அப்பாவுவுக்கு ஒரு நொடி இனித்தது. இனித்ததற்காகவே உடனே பயமாகவும் இருந்தது.

ஆறாம் குழியில் ஜேம்ஸ் தடித்த இரும்புத் தலையுள்ள மட்டையை எடுத்து, மணலில் புதைந்த பந்தை ஓங்கி அடித்தார். ‘டிக்’.

ஜேம்ஸுக்கு அது கேட்கவில்லை. அப்பாவுவுக்குக் காது முழுக்க அதுதான் கேட்டது. பந்து மணலை விட்டு வெளியே வரவில்லை. ஜேம்ஸ் மறுபடி ஓங்கத் தயாரானார். துலுக்கானம் நான்கடி தள்ளி எதிரில் நின்றார்.

“நிறுத்துங்க சார்” என்றார் அப்பாவு. அதிகாரியிடம் அப்படி ஒரு குரலில் அவர் பேசியதே இல்லை. கிட்டே போய் மட்டையை ஏறக்குறைய பிடுங்கினார். தலையைப் பிடித்து முறுக்கினார். நூலளவு அசைந்தது.

ஜேம்ஸுக்கு முகம் வாடியது. இன்னும் மூன்று குழிதான் இருக்கிறது, வெயிலில் மரம் காய்ந்திருக்கும் என்றார். “வாளித் தண்ணியில அஞ்சு நிமிஷம் முக்கி வச்சா மரம் ஊதிப் பிடிச்சுக்கிடும்லா?”

“வேணாம் சார்.” சொன்னது துலுக்கானம். சொன்ன வேகத்தில் தோளிலிருந்த பை சரிந்து விழுந்தது. “தண்ணில மட்டும் வைக்காதீங்க. அது ஏமாத்து வேல.”

ஜேம்ஸ் இருவரையும் பார்த்தார். சரி, அந்த மட்டை இனி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கக் கொட்டகைப் பக்கம் போனார். வேப்பமரத்து நிழலில் இருவர் மட்டும் நின்றார்கள். துலுக்கானம் கீழே கிடந்த மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பையில் செருகினார். செருகிக்கொண்டே, நிமிராமல் பேசினார்.

“அன்னிக்கு அந்தச் சம்மட்டி ஆடிக்கினு இருந்திச்சி. எனக்குத் தெரியும். காலைல நான்தான் தண்ணித் தொட்டில முக்கி வச்சேன். புதுக் கட்ட போடச் சொன்னா மேஸ்திரி கத்துவான்னு. ஒங்கிட்ட சொல்லல.”

அப்பாவு குனிந்து ஒரு மட்டையை எடுத்து நீட்டினார். துலுக்கானம் அதை வாங்கிச் செருகிவிட்டுத் தொடர்ந்தார்.

“ஒல நெருப்பு பக்கத்துல வச்சா காஞ்சிடும்னு தெரியாதா எனக்கு? தெரியும். நீ ஆஸ்பத்திரிக்கு வந்து தூணாண்ட நின்னத பாத்தேன் மச்சான். இருந்த ஒரு கண்ணால பாத்தேன். கேட்டுட்டா இன்னா சொல்றதுன்னு கண்ண மூடிக்கினேன். நீ இந்தப் பக்கமே வராம சுத்திப் போறது தெரிஞ்சப்ப, ஒனுக்கு விசயம் தெரிஞ்சிப் போச்சி, அதான் என் மூஞ்சில முழிக்க மாட்டேங்கிறன்னு நெனச்சேன்.”

பதினோரு வருடம். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்திருக்கிறார்கள். அப்பாவுவின் மார்பில் கிடந்த பாரத்தை யாரோ பாதி தூக்கிவிட்டது போல இருந்தது. பேசாமல் இருந்தால் மீதியும் போய்விடும். குற்றத்தை அந்த மனிதரே எடுத்துக்கொண்டார், இனி யார் கேட்கப் போகிறார்கள்? அந்த நினைப்பு வந்த வேகத்தைப் பார்த்து அவருக்குத் தன்மீதே அச்சம் வந்தது. கொட்டகையிலிருந்து ஜேம்ஸ் திரும்பி நடந்து வந்துகொண்டிருந்தார். சொன்னால் இப்போது சொல்ல வேண்டும்.

“ரெண்டாவது அடிலயே சத்தம் வந்துச்சி துலுக்கானம். எனக்குக் கேட்டுச்சி. கேட்டுத்தான் மூணாவதும் அடிச்சேன்.”

துலுக்கானம் நிமிர்ந்தார். அந்த ஒற்றைக் கண் அப்பாவுவின் முகத்தில் நெடுநேரம் நின்றது. அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவது இருந்ததா என்று அப்பாவுவால் கண்டுபிடிக்க முடியவில்லை. பிறகு அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏழாம் குழிக்கு நடந்தார்.

மீதி மூன்று குழிகளையும் ஆடி முடித்தார்கள். ஒன்பதாம் குழியில் கறுப்பு மணலில் பந்தை மெல்லத் தட்டி உள்ளே விட வேண்டியது அப்பாவுவின் முறை. ஓங்கத் தேவையில்லாத அந்தச் சின்னத் தட்டலுக்கும் எதிரில் யாரும் நிற்கவில்லையே என்று அவர் பார்த்துக்கொண்டார். நான்கு தட்டில் பந்து விழுந்தது. மொத்தம் எத்தனை அடி என்று ஜேம்ஸ் எண்ணவே இல்லை. எங்கள் அப்பாவின் மட்டையால் ஆடிவிட்டேன் என்று இரண்டு மூன்று தடவை சொன்னார்.

பங்குனி முழுக்க அப்பாவு பயந்துகொண்டே இருந்தார். சொன்னது தப்போ என்று ஒரு நாள் தோன்றும், சொல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று மறுநாள் தோன்றும். சொர்ணத்திடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டுவிட்டு, அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

வைகாசியில் ஒருநாள் துலுக்கானம் சைக்கிளில் வந்தார். வாசலில் நின்றபடியே மகள் கல்யாணப் பத்திரிகையை நீட்டினார். குமணன்சாவடியில் மண்டபம். கட்டாயம் வந்துவிடு என்று மட்டும் சொல்லிவிட்டு, உட்காரச் சொல்லியும் உட்காராமல் போய்விட்டார்.

கல்யாணத்துக்குப் போன அப்பாவு பந்தியில் ஓரமாக உட்கார்ந்தார். சாம்பார் வாளியோடு பரிமாறிக்கொண்டு வந்தவள் துலுக்கானத்தின் மனைவி குப்பம்மா. பழைய பழக்கமெல்லாம் பட்டறையோடு சரி, அவளை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை. எந்த ஊர், தன் வீட்டுக்காரரோடு எப்படிப் பழக்கம் என்று சாதாரணமாகத்தான் கேட்டாள். மண்ணூர்பேட்டைப் பட்டறையில் கூட வேலை செய்தேன் என்றார். அவள் கரண்டி வாளிக்குள்ளேயே நின்றது.

“அப்ப அன்னிக்குச் சம்மட்டி அடிச்சது யாருன்னு தெரியுமா ஒங்களுக்கு? இவுரு சொல்லவே மாட்டேங்கிறாரு.”

பந்தியின் கோடியில் துலுக்கானம் நின்றிருந்தார். அவருக்கு இது கேட்டிருக்க நியாயமில்லை. இலையைப் பார்த்துக்கொண்டே அப்பாவு, “நான்தாம்மா” என்றார்.

குப்பம்மா அசையாமல் நின்றாள். பக்கத்து இலைக்காரர் சாம்பாருக்காகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார். அப்பாவு எழுந்துவிடலாமா என்று ஒரு காலை ஊன்றினார்.

“சாப்புடுங்க” என்றாள். அவர் சோற்றில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். குரலில் அன்பும் இல்லை, வெறுப்பும் இல்லை. அப்பாவு பிசைந்து, இலையில் ஒரு பருக்கைகூட மிச்சம் வைக்காமல், மோர் வரும்வரை இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் எழுந்தார்.