நாய்க்குக் காது குத்திய கதை

எங்கள் நாயின் இடது காதில் ஓர் ஓட்டை இருக்கிறது. சுண்டு விரல் நுழையும். குத்தியது என் மனைவியின் தம்பி. அதாவது தாய்மாமன். எல்லாம் முறைப்படிதான் நடந்திருக்கிறது என்று எங்கள் ஊர் லாபு பக்கத்தில் சொல்லிச் சிரிக்கிறார்கள். ஆனால் காரணம் அவன் இல்லை. என் வாய். நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. பேசிய ஒரு தடவை இப்படி ஆயிற்று.

எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தில் பழக்குலை வெட்டுவது என் வேலை. பழைய மரங்களைச் சாய்த்துப் புதுக் கன்று நட்ட இடத்தில் காட்டுப்பன்றிகள் இறங்கின. கன்றைச் சாய்த்துக் குருத்தைத் தின்றுவிட்டுப் போகும். மைத்துனனுக்குச் செண்டாயானில் ஃபேக்டரி வேலை. துப்பாக்கி சுடும் கிளப்பில் இருக்கிறான். ரைபிளுக்கு லைசென்ஸ் உண்டு. நிர்வாகம் அனுமதி வாங்கி அவனைக் கூப்பிட்டது. அவன் சுடுவான். நான் அறுப்பேன். ஓடுகிற பன்றியை மறித்து, குரைத்து, அவன் வரும்வரை நிறுத்தி வைப்பது நாய். மூன்று பேரில் அதற்குத்தான் உண்மையான வேலை.

அறுக்கும்போது குண்டைத் தேடி எடுப்பது என் பழக்கம். கடைத் தோட்டாவால் சுட்ட காலத்தில் குண்டு பெரும்பாலும் மறுபக்கத் தோலுக்கு அடியில் அகப்படும். முனை விரிந்து, ஓரம் பின்னால் மடிந்து, காளான் மாதிரி இருக்கும். "பூத்திருக்கு" என்பேன். கழுவி ஒரு பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பேன். பெண்டாட்டிக்கு ஒரு முழம் பூ வாங்கத் தெரியாது, பன்றிக்குள் பூ தேடத் தெரியும் என்பாள் மனைவி. நியாயம்தான்.

பிறகு மைத்துனன் கிளப்பில் முறையாகத் தோட்டா அடைக்கக் கற்றுக்கொண்டான். சுட்டுப்போட்ட பித்தளைக் கூட்டில் வெடிமருந்தை நிறுத்துப் போட்டுக் குண்டை மாட்டுவது. முதலில் அவனுக்கு வேகத்தின் மேல் ஆசை. மருந்து கூடுதல். பன்றி அந்த இடத்திலேயே விழுந்தது. தோலை உரித்தால் தோள் முழுக்க ரத்தக் கூழ். குண்டைக் காணோம். அத்தனை வேகத்தில் கிட்டத்தில் இருந்து எலும்பில் மோதினால் குண்டு பூக்காமல் சிதறிவிடும் என்றான். கெட்டதையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டேன், மிச்சம் சுத்தம் என்று நான் சொன்னேன். குழம்பு வைத்தோம். மிளகு போல ஒன்று பல்லில் பட்டது. எனக்கு மிளகு பிடிக்கும். கடித்தேன். கடைவாய்ப் பல்லில் ஒரு துண்டு போயிற்று. மனைவி அந்த மிளகை வாங்கி வெளிச்சத்தில் பார்த்தாள். ஈயம். எழுந்து போய்ச் சட்டியோடு கொட்டினாள்.

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது.

"மருந்தக் கொறச்சிரு மச்சான்," என்றேன். "மெதுவா போனா உள்ளயே நின்னுரும். அந்தப் பக்கம் நிக்கிற நாய்க்கும் நல்லது."

"ரொம்பக் கொறச்சா விரியாது மாமா. கிளப்புல சொன்னாங்க."

"லோரி மெதுவா போனா பிரேக் போட்ட எடத்துல நிக்குமா, நிக்காதா?"

அவன் யோசித்தான். நான் பல வருடம் தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவன். அவன் அக்காள் புருஷன் வேறு. "நிக்கும் லா," என்றான்.

ஆறாம் வகுப்போடு நின்ற நான், கிளப்பில் கற்றவனை வாயடைக்க வைத்துவிட்டேன் என்று இரண்டு நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன்.

அடுத்த வேட்டை காலையில். தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில் நாய் ஒரு பெரிய பன்றியை நிறுத்திவிட்டது. பன்றி நடுவில், நாய் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம். மற்ற நாட்களில் மைத்துனன் நாய் விலகும்வரை காத்திருப்பான். அன்றைக்குக் காக்கவில்லை. குண்டுதான் உள்ளேயே நின்றுவிடுமே.

வெடித்த சத்தமே சின்னதாக இருந்தது. பன்றி ஒன்றும் நடக்காத மாதிரி நின்றது. நாய்தான் கத்தியது. அதற்கு அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கானில் இறங்கி ஓடினேன். ஒரு பூட்ஸ் சேற்றோடு போயிற்று. பன்றி என் பக்கமாகவே ஓடிப்போய்க் கொஞ்ச தூரத்தில் விழுந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. நாயின் முகமெல்லாம் ரத்தம். கண்ணா, மண்டையா தெரியவில்லை. மடியில் போட்டுக் குடிக்கிற தண்ணீரை ஊற்றிக் கழுவினேன். அவசரத்தில் பாதித் தண்ணீர் என் வேட்டைக் கால்சட்டைக்குத்தான் போயிற்று.

மைத்துனன் குனிந்து பார்த்தான். "காது மாமா. காதுதான். வேற ஒண்ணும் இல்ல." சொல்லிவிட்டுச் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

நாய்க்குக் கட்டுப் போட்ட பிறகு பன்றியை அறுத்தேன். நுழைந்த ஓட்டையும் வெளியே வந்த ஓட்டையும் ஒரே அளவு. பின்னால் நின்ற செம்பனையில் பாராங் கத்தியால் தோண்டிக் குண்டை எடுத்தேன். முனை கொஞ்சம் மழுங்கியிருந்தது. அவ்வளவுதான். குண்டை விரிய வைப்பதே வேகம்தான். விரிந்து அகலமானால்தான் உள்ளே சிக்கி நிற்கும். விரியாத குண்டு ஆணி மாதிரி. போய்க்கொண்டே இருக்கும். லோரியைப் பற்றி நான் சொன்னது சரி. குண்டு லோரி இல்லை.

நாய்க்கு டவுனில் ஊசி போட்டுக் கூட்டி வந்தோம். சாப்பாட்டுக் கடை பாய் என்னைப் பார்த்ததும், "காதுகுத்துக்கு ஒரு வார்த்த சொல்லலியே அண்ணே. பிரியாணி நம்ம கடையிலேயே போட்டிருக்கலாம் லா," என்றார். கடை முழுக்கச் சிரிப்பு. நான் டீயைக் குடித்தேன். ஞாயிற்றுக்கிழமை மைத்துனன் தாம்பாளத்தில் வாழைப்பழம், லட்டு, ஒரு சிவப்புக் கழுத்துப் பட்டையோடு வந்தான். தாய்மாமன் சீர். சிரிக்க வைத்துச் சமாதானம் ஆகலாம் என்று நினைத்திருக்கிறான். நாய் லட்டைத் தின்றது. என் மனைவி சிரிக்கவில்லை.

அவன் மருந்தை மறுபடி சரியான அளவுக்குக் கொண்டுவந்தான். இந்தத் தடவை என் ஆலோசனை இல்லை. கிளப்பில் தண்ணீர் நிரப்பிய ஜெரிக்கேன்களை வரிசையாக வைத்துச் சுட்டுப் பார்த்தான். பன்றியும் முக்கால்வாசி தண்ணீர்தானாம். கேன்களைத் தூக்கிக்கொண்டு போனது நான். ஒரு குண்டை வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். நன்றாகப் பூத்திருந்தது. இனி நாயைக் கூட்டிப் போகலாமா என்று அக்காளிடம் கேட்டான்.

அவள் குண்டைத் தொடவில்லை. என்னைப் பார்த்தாள்.

"இது நிக்கும்னு அவ்ளோ நிச்சயமா இருந்தா, இனிமே நாய் நிக்கிற பக்கம் நீங்களும் போய் நில்லுங்க."

மைத்துனன் கூரையைப் பார்த்தான். நான் குண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அழகான பூ. அதை நம்பி அந்தப் பக்கம் நிற்பேனா என்று யோசித்தேன். ரொம்ப நேரம் தேவைப்படவில்லை.

"விசிலுக்குப் பழக்குறேன்," என்றேன்.

இப்போது நான் விசில் ஊதி, நாய் என் பின்னால் வந்த பிறகுதான் அவன் சுடுகிறான். விசில் பன்றிக்கும் கேட்கிறது. பாதி தப்பித்து ஓடிவிடுகிறது. பன்றிக்கு எதற்கு விசில் என்று மேனேஜர் கேட்டார். பிஸ்கட் டின்னில் பூ சேருவதும் குறைந்துவிட்டது.

நாய் என்னை விடக் கெட்டி. மைத்துனன் ரைபிளைத் தூக்கினாலே, விசிலுக்கு முன்பே ஓடிவந்து என் காலுக்குப் பின்னால் நிற்கிறது. இருந்தாலும் நான் ஊதிவிடுகிறேன்.