அலே வூசான்

1926இல் கடல் தாண்டி வந்து போட்டாதாங் ஜெட்டியில் அரிசி மூட்டை தூக்கிய தமிழ்க் கூலிகள் காலையில் ஒருவரையொருவர் பார்த்தால் "அலே வூசான்!" என்பார்கள். பிரெஞ்சில் "வாங்க, உட்காருங்க" என்று அர்த்தமாம். சொல்லிக்கொடுத்தவன் நல்லையா.

முதல் உலகச் சண்டைக்காலத்தில் பட்டாளத்து வேலைக்குச் சேர்த்த கூலிகளோடு பிரான்சு போய்வந்தவன் அவன். அங்கே பதினான்கு மாதம் மண் வெட்டியதைப் பற்றி வாயே திறக்கமாட்டான். லீவு கிடைத்த ஒரே நாளைப் பற்றித்தான் பேச்செல்லாம். கடலோரத்து ஊர். மணலில் கோடு போட்ட கூடாரங்கள். முழங்கால் தெரிய அலையில் நின்ற துரைசாணிகள். ரொட்டிக்கடைக்காரி அவனைப் பார்த்ததும் சிரித்துக்கொண்டே "அலே வூசான்" என்றாள். பெஞ்சில் இருந்த கிழவனும் கிழவியும் அதையே சொல்லி, எழுந்து, முழு பெஞ்சையும் அவனுக்கே விட்டுப் போனார்கள்.

"பொழுது சாயுற வரைக்கும் காலை நீட்டிக் கெடந்தேன். ஒருத்தன் ஒரு வேலை ஏவலையே!" என்பான்.

அந்த வருஷம் அவன் முதுகு விட்டுப்போனது. மேஸ்திரி அப்பாசாமி கூப்பிட்டுச் சொன்னான்: "மூட்டை இனி உன்னால ஆகாது. நாளைக்குப் பிரெஞ்சுக் கப்பல் வருது. கப்டன் எறங்கையில நீ அவன் பாஷையில ரெண்டு வார்த்தை சொல்லு. ஆபீஸ் தொரை பாக்கட்டும். கேட்டுல காவல் நிக்கிற தர்வான் வேலை உனக்குத்தான். சொதப்பினியோ, வீட்டுக்குப் போயிடு."

கேட்டருகே டீக்கடை வைத்திருந்த பீர் முகைதீன் காரைக்கால்காரர். அங்கே பிரெஞ்சுப் போலீசில் இருந்தவர். நல்லையா அவரிடம் ஓடினான்.

"அலே வூசான். சரியா சொல்றேனா பாய்?"

பாய் கிளாஸைத் துடைத்தபடி யோசித்தார். "இன்னும் சத்தமா. கையையும் இப்படி வீசிக் காட்டு."

மறுநாள் ஜெட்டியில் வழக்கத்தைவிடக் கூட்டம். நல்லையாவைத் தவிர கூலிகள் எல்லோருக்கும் டீக்கடையிலேயே விஷயம் தெரிந்திருந்தது. வெளுத்த கோட்டுப் போட்டு நின்ற நல்லையா, கப்டன் ஏணியில் கால் வைத்ததும் கையை வீசிக் கத்தினான். கப்டன் முகம் சிவந்தது. காதில் விழவில்லையோ என்று இன்னும் இரண்டு தரம் கத்தினான்.

ஆபீஸ் துரை என்னவென்று கேட்டார். பாய்தான் முன்னால் வந்து விளக்கினார்: "இங்கேர்ந்து போய்த் தொலைன்னு சொல்றான் தொரை."

மூட்டைகளின்மேல் விழுந்து புரண்டு சிரித்தார்கள். மேஸ்திரி அங்கேயே அவன் பேரை அடித்தான்.

"நேத்தே சொல்லியிருக்கலாமே பாய்?"

"சொல்லியிருந்தா இன்னிக்கு இவ்வளவு டீ ஓடுமாடா?"

கேட்டைத் தாண்டும் வரை இருபுறமும் நின்று கையை வீசினார்கள். "அலே வூசான், நல்லையாண்ணே! அலே வூசான்!"

ஸ்ட்ராண்ட் ரோட்டில் அவன் நின்றுவிட்டான். அன்று பிரான்சில் பெஞ்சிலிருந்து எழுந்த அந்தக் கிழவி மூக்கில் கைக்குட்டை வைத்திருந்தாள். சளி பிடித்திருக்கிறது, பாவம் என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்திருந்தான்.