கைக்கு விடாத ஒன்பது மில்லி

1. பெட்டி நுழையவில்லை

தண்ணீர் பாட்டிலில் தேதியும் விலையும் பொடி எழுத்தில் அடித்திருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை அடிக்கும் இங்க்ஜெட் மெஷினின் உள்பாகங்களை வடிவமைப்பது என் வேலை. மதுரைக்கு வெளியே தொழிற்பேட்டையில் பன்னிரண்டு பேர் வேலை பார்த்த சின்னக் கம்பெனி. வில்லாபுரத்திலிருந்து ஸ்கூட்டியில் போய் வருவேன். பெயர் ஜெசிந்தா, அங்கே எல்லோருக்கும் மேடம்.

முதல் பெரிய ஆர்டரே சிக்கலில்தான் தொடங்கியது. பாட்டில் கம்பெனிக்காரர் பாட்டில்கள் ஓடுகிற தன் கன்வேயருக்கும் சுவருக்கும் நடுவே இருந்த குறுகிய இடைவெளியைக் காட்டினார். "இதுக்குள்ள நுழையிற பொட்டியா இருந்தாக் கொண்டாங்க. இல்லாட்டி ஆளை விடுங்க."

மெஷினைச் சுருக்க உட்கார்ந்தேன். உள்ளே தாறுமாறாக ஓடிய டியூப்களை எல்லாம் எடுத்துவிட்டு, ஒரே உலோகக் கட்டையில் துளை போட்டு, எட்டு வால்வுகளையும் அதன் மேலேயே உட்கார வைத்தேன். வால்வு பிளாக் என்போம். பார்க்கப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் கடைசியில் அளந்தால் பெட்டி ஒன்பது மில்லிமீட்டர் அதிகம்.

முதலாளி பின்னால் நின்று ஸ்கிரீனைப் பார்த்தார். "எங்கிட்டாவது ஒரு ஒன்பது மில்லியக் குறைம்மா. ஆர்டர் நமக்குத்தான்."

பிளாக்குக்குப் பின்னால் இங்க் ஃபில்டர் இருந்தது. அதைக் கழற்றி மாட்டக் கை போவதற்கென்று விட்ட இடம் மட்டும்தான் காலியாகத் தெரிந்தது. அதிலிருந்து ஒன்பதை எடுத்தேன். ஒரு பாகம் இன்னொன்றை இடிக்கிறதா என்று கம்ப்யூட்டரில் சோதித்தேன். எங்கும் இடிக்கவில்லை என்று வந்தது. அந்த மாடலில் பம்ப் இருந்தது, வால்வு இருந்தது, ஸ்க்ரூ வரைக்கும் இருந்தது. மனிதர் கை மட்டும் இல்லை. அது எனக்கு அன்று உறைக்கவில்லை.

2. தவமணி அண்ணன்

எங்கள் சர்வீஸ் ஆள் தவமணி அண்ணன். ஆனையூர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். மெஷின் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த வால்வு மக்கர் பண்ணுகிறது என்று சொல்லிவிடுவார். முதல் மெஷினில் ஃபில்டர் மாற்றப் பார்த்தவர் கையை வெளியே இழுத்தார்.

"மேடம், கிளவுஸ் போட்டா கை போகல. கொஞ்சம் என்னன்னு பாருங்க."

"நீங்க சோத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கண்ணே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். கிளவுஸைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்கையால் மாற்றி முடித்தார்.

எங்கள் மையில், அதைக் கரைத்து வைக்கிற கடுமையான சால்வென்ட் இருக்கும். அதனால்தான் அடித்த நொடியில் எழுத்து உலர்கிறது. மெல்லிய கிளவுஸை அது இளக்கிவிடும், தடித்த ரப்பர் கிளவுஸ்தான் தாங்கும். அந்தத் தடிப்புக்குத்தான் நான் இடம் விடவில்லை.

மெஷின் நன்றாக விற்றது. அப்பளக் கம்பெனி, மசாலாக் கம்பெனி, எண்ணெய் கம்பெனி என்று எல்லா இடத்துக்கும் ஃபில்டர் மாற்றப் போனவர் அவர்தான். மடமடவென்று முடித்துவிட்டு வருகிறார் என்று மீட்டிங்கில் கைதட்டினோம். அவர் சீக்கிரம் முடித்ததே கிளவுஸ் போடாததால்தான். பிறகு கம்பெனியில் விரல் வைக்கிற அட்டெண்டன்ஸ் மெஷின் வந்தது. அது அவர் விரலை மட்டும் ஏற்கவில்லை. "அண்ணே, நீங்க வேலைக்கே வரலைங்குது" என்று அதற்கும் கேலி செய்தோம். ரேகை எங்கே போனது என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும்.

ஒரு நாள் மதியம் அவர் ஸ்பூனால் ரசஞ்சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே, துரை ஆயிட்டீங்களா?"

"அட போங்க மேடம். உப்பு, புளி பட்டா எரியுது."

கையை விரித்துக் காட்டினார். உள்ளங்கை முழுக்கத் தோல் வெடித்து, வெடிப்புகளில் ரத்தம் கசிந்து காய்ந்திருந்தது. என் டப்பாவைத் தள்ளி வைத்தேன்.

"எம்புட்டு நாளாண்ணே இப்பிடி?"

"ரெண்டு வருசமாச்சு. களிம்பு போட்டா ஆறும். மறுபடி வரும்."

"ஏண்ணே எங்கிட்டச் சொல்லல?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"சொன்னேனே மேடம்" என்றார்.

3. இரண்டு நாள் வேலை

இனிமேல் சால்வென்ட் பக்கமே போகக் கூடாது என்று தோல் டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். முதலாளி அண்ணனை ஸ்டோரில் உட்கார வைத்தார். ஸ்டோரில் அடுக்கியிருப்பதும் சால்வென்ட் கேன்கள்தான். நாலே நாளில் கை மறுபடி வெடித்தது. தவமணி அண்ணன் வேலையை விட்டுவிட்டு, காளவாசல் பக்கம் ஒரு அபார்ட்மென்டில் வாட்ச்மேனாகப் போனார். சத்தத்திலேயே வால்வைக் கண்டுபிடித்த மனிதர் கேட் திறந்து மூடப் போனார்.

அவர் போன பிறகுதான் பழைய டிராயிங்கை எடுத்தேன். வெட்கக்கேடு. திருத்தி முடித்ததும் மெஷினின் வெளிக்கூட்டையும் பிளாக்கையும், மை படாத புது ஃபில்டரையும் ஸ்கூட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு, அவருக்கு லீவு நாளாகப் பார்த்து ஆனையூர் போனேன். அவர் மனைவி காபி கொடுத்தார். டம்ளரை வைத்த கையோடு உள்ளே போய்விட்டார்.

அண்ணன் தடித்த கிளவுஸைப் பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாக மாட்டினார். கையை உள்ளே விட்டு ஃபில்டரைக் கழற்றினார், மறுபடி மாட்டினார்.

"நல்லாப் போகுது மேடம்" என்றார். முகத்தில் உண்மையான சந்தோஷம். "பொட்டி எம்புட்டுப் பெருசாச்சு?"

"பெருசாகலண்ணே. அதே பெட்டிதான். ஃபில்டரை மெஷின் கதவுப் பக்கமாத் திருப்பி வச்சேன்."

"ரொம்ப நாள் வேலையோ?"

பொய் சொல்ல வாய் வரவில்லை.

"ரெண்டு நாளுண்ணே."

அவர் ஒவ்வொரு விரலாகக் கிளவுஸைக் கழற்றினார்.

"அடுத்த ஆளு சொன்னாலாவது உக்காந்து கேளுங்க மேடம்."

இப்போது எந்த டிராயிங்கில் கையெழுத்துப் போடுவதற்கு முன்பும் சர்வீஸ் ஆட்களைக் கூப்பிட்டு, கிளவுஸோடு கையை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன். போகவில்லை என்றால் வரைந்ததை அழித்துவிட்டு மறுபடி உட்காருகிறேன். டிசைன் வேலைக்கு வருகிறவர்களுக்கும் இதைத்தான் சொல்லிக் கொடுக்கிறேன். அதற்குப் பிறகு எங்கள் மெஷினால் யாருக்கும் கை வெடிக்கவில்லை. தவமணி அண்ணன் மட்டும் இன்னும் ஸ்பூனால்தான் சாப்பிடுகிறார்.