மாடுகளுக்குப் பந்தி வைத்த குளிர்காலம்

பசியோடு ஒருவர் நிற்பதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. மனிதராக இருந்தாலும் சரி, மாடாக இருந்தாலும் சரி, உடனே கோபம் மூக்குக்கு மேல் வந்துவிடும். ஜெர்மனியில், கொலோன் மண்டபங்களில் நடக்கும் எங்கள் ஆட்களின் கலியாணங்களில் இப்போது யாரும் பந்தி வைப்பதில்லை. நீள மேசையில் சாப்பாட்டை அடுக்கிவிட்டு, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று விட்டுவிடுகிறார்கள். முட்டி மோதத் தெரிந்தவர் இறைச்சியோடு போவார், கூச்சமுள்ளவர் வெறுஞ்சோற்றோடு நிற்பார். நான் அதைச் சத்தமாகவே சொல்வேன். என் கணவர் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்து என்னை இருத்துவார்.

நாங்கள் இருப்பது வுப்பர்டால் நகரத்துக்கு வெளியே, மேட்டிலுள்ள ஒரு சின்ன ஊரில். எங்கள் வீட்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டு அம்மாவின் புல்வெளி. அவர் ஜெர்மன்காரி, எங்கள் பேச்சில் டொச்சுக்காரி, தனியாள், அறுபது கடந்தவர். அவரிடம் ஆறு ஸ்கொட்லாந்து மாடுகள். நீளக் கொம்பும் கண்ணை மறைக்கும் மயிருமாக, கோடையோ குளிரோ, வெளியிலேயே நிற்பவை. கொட்டில் கிடையாது. குளிர்காலத்தில் புல் வளராது என்பதால், கோடையில் வெட்டிக் காயவைத்த புல்லைப் பெரிய உருளைகளாகச் சுற்றி வைத்திருந்து போடுவார்.

தை மாதம் வாசற்படிப் பனியில் வழுக்கி விழுந்து அவர் கையை முறித்துக்கொண்டார். மாடுகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று யோசிக்காமல் சொல்லிவிட்டேன். எனக்கு முதியோர் இல்லச் சமையலறையில் காலை வேலை, பின்னேரம் ஓய்வுதான். என் கணவர் சாமான் கிடங்கில் பாரந்தூக்கி வண்டி ஓட்டுபவர். அந்த அம்மா தன் டிராக்டர் திறப்பைக் கையில் கொடுத்ததும் அவருக்குப் பத்து வயது குறைந்துவிட்டது.

புல்வெளியின் நடுவில் ஓர் இரும்பு வளையம் நிற்கும். புல்லை அதற்குள் கொட்டினால், மாடுகள் சுற்றி நின்று கம்பிகளுக்கிடையில் தலையை விட்டுத் தின்னும். முந்தின கோடை வறண்டு போனதால் புல் குறைவு, ஆகவே ஒவ்வொரு நாளும் அளவாகத்தான் போட வேண்டும். முதல்நாளே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. அகலக் கொம்புக் கிழப்பசு ஒன்று முதலில் வந்து இரண்டு பேருக்கான இடத்தைப் பிடித்தது. அதற்கு ‘மாப்பிள்ளையின் தாய்’ என்று பெயர் வைத்தேன். மற்றவை அவரவர் பலத்துக்கு ஏற்றபடி இடம் பிடித்தன. கன்று போடாத ஒரு சின்ன நாகு மட்டும் வெளியில் நின்றது. தலையை விடப் போனால் விலாவில் ஒரு குத்து விழும். எல்லாம் தின்று முடித்துப் போனபின், சேற்றில் மிதிபட்ட தண்டுகளைப் பொறுக்கும். கொலோன் கலியாணம் இங்கேயும் வந்துவிட்டதே என்று எனக்கு வயிறு எரிந்தது.

அந்தச் சின்னவளைப் பற்றிக் கேட்டதும் பக்கத்து வீட்டு அம்மாவின் முகம் வாடியது. “மாட்டு வியாபாரிக்கு டெர்மின் கொடுத்துவிட்டேன், நாளும் நேரமும் குறித்தாகிவிட்டது. மாதக் கடைசியில் வந்து கொண்டுபோவார்” என்றார். தனியே அடைத்தால் வேலியை முறித்துக்கொண்டு மற்றவற்றிடம் ஓடிவிடுமாம். இப்படியே மெலிந்தால் குளிர் முடியுமுன் விழுந்துவிடுமாம். “விழுந்து கிடப்பதைப் பார்க்க எனக்கு மனத்தைரியம் இல்லை” என்றார். கொண்டுபோய் என்ன செய்வார் என்று நான் கேட்கவில்லை. அவர் இறைச்சிக்கு வாங்குகிற வியாபாரி என்பது ஊருக்கே தெரியும்.

அடுத்தநாள் ஒரு கட்டுப் புல்லை ஒளித்துக் கொண்டுபோய்ச் சின்னவளுக்கு மட்டும் மூலையில் கொடுத்தேன். அவள் இரண்டு வாய் தின்னுமுன் மாப்பிள்ளையின் தாய் வந்தாள், பின்னால் முழுக் குடும்பமும் வந்தது. நான் பின்வாங்க, சப்பாத்து சேற்றில் புதைந்தது. என் கணவர் என்னை இழுத்தெடுத்தார், சப்பாத்து மாடுகளோடு தங்கிவிட்டது.

ஒற்றைச் சப்பாத்தோடு நின்றபோதுதான் எனக்கு யோசனை வந்தது.

“இஞ்சாருங்கோ, பந்தி வைச்சால் என்ன?”

“ஆருக்கு?”

“மாடுகளுக்குத்தான்.”

“உமக்கு விசரே? மாடு சம்மாணம் கட்டி இருந்து சாப்பிடுமோ?”

“நிண்டு சாப்பிடட்டும். ஆளுக்கொரு குவியல், நல்லாய்த் தள்ளித் தள்ளி. ஒண்டு கூடவும் போடுவம். ஒருத்தி கலைச்சாலும் மற்றவளுக்கு வேற இலை இருக்கும்.”

புல் சேற்றில் வீணாகும் என்று பக்கத்து வீட்டு அம்மா தயங்கினார். மேட்டுப் பக்கம் நிலம் குளிரில் கல்லாய் இறுகிக் கிடக்கிறது, அங்கே போடுகிறோம் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

பிள்ளைகளின் பழைய பனிச்சறுக்கு வண்டிலில் புல்லை ஏற்றி, வேலியின் ஒரு தொங்கல் முனையிலிருந்து பரிமாறத் தொடங்கினேன். நான் நகர நகர மாப்பிள்ளையின் தாயும் கூடவே நகர்ந்தாள். ஒவ்வொரு குவியலிலும் ஒரு வாய், பிறகு வண்டிலில் ஒரு வாய். கடைசியில் வண்டிலையே கொம்பால் கவிழ்த்துவிட்டாள். என் கணவர் சிரித்துச் சிரித்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு பனியில் குந்திவிட்டார்.

“ஆக்கள் வந்து நிக்கேக்கையோ இலை போடுறது? எல்லாம் போட்டிட்டெல்லோ கூப்பிட வேணும்!” என்றார்.

சரியான பேச்சுத்தான். அதை அவரிடம் சொல்வேனா?

மறுநாள் மாடுகளைக் கீழ்ப் புல்வெளியில் விட்டு மறித்துவிட்டு, மேலே ஏழு குவியல்களையும் போட்டு முடித்தேன். பிறகு அவர் படலையைத் திறக்க, நான் “வாங்கோ, வாங்கோ, எல்லாரும் வாங்கோ” என்று கத்தினேன். மயிர் பறக்க ஓடி வந்தன. மாப்பிள்ளையின் தாய் முதற் குவியலில் வாய் வைத்தாள், பக்கத்துக் குவியல் பெரிதாய்த் தெரிய அங்கே போனாள், பிறகு அதற்கும் அடுத்ததற்கு. கலைபட்டவை அவள் விட்டுவந்த குவியலுக்குப் போயின. எல்லாவற்றிலும் ஒரே புல்தான் என்று கண்டதும் அவளுக்கு அலுத்துவிட்டது. ஆறு தலைகளும் குனிந்தன. கடைசிக் குவியலில் சின்னவள் நின்று தின்றாள். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது, குதித்தேன்.

ஒவ்வொரு பின்னேரமும் பந்தி நடந்தது. சின்னவளின் நடை மாறியது, வாலை உயர்த்திக்கொண்டு ஓடி வரத் தொடங்கினாள். ஆனால் இந்த நாட்டில் கலியாணத்தைத் தள்ளிப்போட்டாலும் டெர்மினைத் தள்ளிப்போட மாட்டார்கள். “இது போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் வந்து விலாவைத் தொட்டு, உடம்பு தேறியிருக்கிறதா என்று பார்க்கட்டும்” என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

சொன்ன நாளில், சொன்ன நேரத்துக்கு, காருக்குப் பின்னால் மாடேற்றும் வண்டிலைப் பூட்டிக்கொண்டு வியாபாரி வந்தார். மாடுகள் அப்போதுதான் வந்து வாய் வைத்திருந்தன. அவர் ஒரு தடியை எடுத்துக்கொண்டு சின்னவளை நோக்கி நடந்தார். நான் குறுக்கே போய் நின்றேன்.

“சாப்பிடுகிறார்கள்” என்றேன்.

“ஒரு நிமிட வேலைதான்.”

“எங்கள் ஆட்கள் பந்தியில் இருப்பவரை இடையில் எழுப்புவதில்லை.”

“துவங்கியிட்டா” என்று என் கணவர் தமிழில் வானத்தைப் பார்த்துச் சொன்னார். வியாபாரி பக்கத்து வீட்டு அம்மாவைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். “பொறுப்போம்” என்றார்.

நாலு பேரும் வேலியோரம் நின்றோம். என் கணவர் இஞ்சித் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தார். மாடுகளுக்கு ஓர் அவசரமும் இல்லை. நடுவில் மாப்பிள்ளையின் தாய் தலையைத் தூக்கிச் சின்னவளின் பக்கம் வந்தாள். சின்னவள் ஓடவில்லை. வாயில் புல்லோடு ஆறுதலாக நடந்து, ஆளில்லாத குவியலில் குனிந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். வியாபாரியே சிரித்துவிட்டார். பக்கத்து வீட்டு அம்மா சிரிக்கவில்லை, தேத்தண்ணியைக் குடிக்கவும் இல்லை, அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசித் தண்டையும் தின்று முடித்துவிட்டுச் சின்னவள் மற்றவற்றின் நடுவில் படுத்து அசைபோட்டாள்.

“இனிப் பார்க்கலாமா?” என்று வியாபாரி தடியை எடுத்தார்.

“தேவையில்லை. நான் பார்த்துவிட்டேன்” என்றார் பக்கத்து வீட்டு அம்மா.

வெறும் வண்டில் கடகடவென்று மேட்டிலிருந்து இறங்கியது. நான் பக்கத்து வீட்டு அம்மாவின் முறிந்த கையையும் மறந்து அவரைக் கட்டிப்பிடித்தேன். அவர் “ஆ” என்று கத்தினார், ஆனால் மற்றக் கையால் என்னைப் பிடித்த பிடியை விடவில்லை.