பெற்றோல் கறண்ட்

போன் திருத்துகிறவன் போனைவிடக் கறண்டுக்குத்தான் அதிகம் பதில் சொல்ல வேண்டும். மின்வெட்டும் பெற்றோல் வரிசையுமாக இருந்த அந்த வருடத்தில் என்னோடு சேர்ந்து வெந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. நீர்வேலியில் என் கடை வாசலில் சூட்கேஸ் அளவில் ஒரு பெற்றோல் ஜெனரேற்றர் வைத்திருந்தேன். கயிற்றை இழுத்தால் உறுமும். ஊர்ப் போன்கள் எல்லாம் அதைச் சுற்றிக் கிடந்துதான் உயிர் பிழைத்தன.

கட்டியில்லாத கறண்ட்

வாழைத்தோட்டக்கார வேலாயுதம் ஐயா தினமும் வருவார். கனடாவில் இருக்கிற ஒரே மகன் ரூபன் பின்னேரம் போன் எடுப்பான். அவனுக்கு இன்னும் விசாப் பேப்பர் சரிவரவில்லை, வந்துபோக வழியில்லை. தகப்பனும் மகனும் முகம் பார்ப்பது அந்தப் போனில் மட்டும்தான்.

முழுக்கச் சார்ஜ் ஏற்றிக் கொடுத்தாலும் பாதிக் கதையில் நின்றுவிடும். பற்றரி பழசு, மாற்றுங்கோ என்றேன். மனிசன் ஜெனரேற்றரை ஏற இறங்கப் பார்த்தார்.

"பற்றரி நல்ல பற்றரி. உன்ரை கறண்டுதான் தண்ணிப்பால், கட்டியில்லை தம்பி. கவண்மேந்துக் கறண்ட் மாதிரி நிண்டு பிடிக்காது."

பழைய வித்தை

ஒருநாள் ஊரில் பெற்றோல் அடியோடு இல்லை. சண்டைக்காலத்தில் நாங்கள் மோட்டார் சைக்கிள் ஓட்டிய வித்தை எனக்கு ஞாபகம் வந்தது: நாலு சொட்டுப் பெற்றோலில் ஸ்டார்ட், பிறகு மண்ணெண்ணெய். எனக்கு அப்போது மீசை முளைக்காத வயது, அதில் நான் பெரிய விண்ணன். அந்த நினைப்பில் இதற்கும் ஊற்றினேன். கடை முழுக்க வெள்ளைப் புகை. எஞ்சின் இருமி இருமி நின்றது. கழற்றிக் கழுவ ஒரு முழுநாள் போனது.

திட்டு விழும் என்று பார்த்தால், போனுக்குக் காத்திருந்த பள்ளிக்கூட ரீச்சர் ஒருவர் கண்ணை மூடிப் புகையை இழுத்தார்.

"இந்த மணத்துக்கு எனக்குக் குப்பி விளக்கிலை படிச்ச சோதினை எல்லாம் ஞாபகம் வருது."

கிணற்றடியில்

கொஞ்ச நாளில் வேலாயுதம் ஐயா நித்திரையிலேயே போய்விட்டார். செத்தவீட்டன்றும் மின்வெட்டு. ரூபன் கனடாவில் இருந்து பார்ப்பதற்கான கமராவும் ரூட்டரும் என் எஞ்சினில்தான் ஓடின. இரைச்சலில் மந்திரம் கேட்கவில்லை என்று ஐயர் முறைத்ததால் அதைக் கிணற்றடிக்குக் கொண்டுபோய் வைத்தேன்.

கிரியை முடிய முன்னமே எஞ்சின் இருமத் தொடங்கியது. பெற்றோல் முடிகிற இருமல். பெட்டி இன்னும் மூடவில்லை. இது நின்றால் ரூபனுக்குத் தகப்பனின் முகம் அவ்வளவுதான். மண்ணெண்ணெய் வித்தையை நினைக்கவே பயமாக இருந்தது.

இருமல் கேட்டு நாலைந்து பேர் எழும்பி வந்தார்கள். தங்கள் மோட்டார் சைக்கிளில் இருந்த பெற்றோலைச் சோடாப் போத்தலில் இறக்கித் தந்தார்கள். வெயிலிலும் இரவிலும் வரிசையில் நின்று பிடித்த பெற்றோல் அது. பெட்டி வாசல் படலை தாண்டும்வரை எஞ்சின் ஓடியது. நான் கிணற்றடியில் இருந்து அழுதேன்.

பின்னேரம் ரூபன் எடுத்தான். சொன்னான்:

"உங்கடை கறண்ட் நிண்டு பிடிக்காது எண்டு அப்பா ஒவ்வொரு நாளும் சொல்லுவார் அண்ணை. அவர் போகுமட்டும் நிண்டு பிடிச்சிட்டுது."

இப்போது கறண்ட் ஒழுங்காக வருகிறது, ஜெனரேற்றர் மேசைக்குக் கீழே சாக்குப் போர்த்திக் கிடக்கிறது, யாராவது விலைக்குக் கேட்டால் மட்டும் "அதிலை கட்டியில்லை" என்று சொல்லி அனுப்பிவிடுகிறேன்.