அழிக்காமல் விட்ட கோடு

ஏழு வருடமாகக் கண்டியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில், மற்றவர்கள் எடுத்து வரும் படங்களைக் கணினியில் திருத்திக்கொண்டிருந்தேன். மணமகளின் கன்னத்துப் பரு, சுவரின் வெடிப்பு, தலைக்கு மேல் தொங்கும் வயர், எல்லாவற்றையும் அழிப்பதுதான் வேலை. கல்யாண வீட்டில் பெண்கள் இருக்கும் பக்கத்தை நானே எடுக்கிறேன், கமராவைத் தாருங்கள் என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்தது. கடைசியில் முதலாளி, "ஃப்ளாஷ் இல்லாம இருட்டுல ஒரு படம் எடுத்துக் காட்டுங்க தங்கச்சி, பொறகு பாப்போம்" என்றார். தட்டிக்கழிக்கத்தான் சொல்கிறார் என்று எனக்குத் தெரியாதா? வீம்புக்கென்றே ஒப்புக்கொண்டேன்.

அந்த டிசம்பரில் எரிகல் மழை வருவதாகச் சொன்னார்கள். ஸ்டூடியோவின் பழைய கமராவைக் கேட்டு வாங்கி, இரவில் கணவரின் த்ரீவீலரில் குண்டசாலையில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்காவுக்குப் போனேன். கண்டியின் வெளிச்சத்துக்கு முதுகு காட்டி, இருட்டாக இருந்த திகன ஊர் மலைப் பக்கம் கமராவைத் திருப்பி வைத்தேன். இருபது விநாடிக்கு ஒரு படம். வானமோ ஒரே மேகம். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை கணவர், "மேகந்தானே ஈக்கி, போவமா?" என்றார். லென்ஸில் பனி படியப் படிய தலையில் போட்டிருந்த ஷோல் நுனியால் துடைத்துக்கொண்டே நின்றேன். ஒரு மணியளவில் மேகம் விலகியது. "அந்தா!" என்று முதலில் கத்தியது அவர்தான். அதற்குப் பிறகு போவமா என்று அவர் கேட்கவில்லை.

மறுநாள் ஸ்டூடியோவில் பார்த்தால், எண்ணூற்றுச் சொச்சம் படங்களில் ஒன்றே ஒன்றில்தான் எரிகல் விழுந்திருந்தது. மலைக்கு மேலே நீளமாக ஒரு வெள்ளைக் கோடு. நான் என்ன செய்தேன் தெரியுமா? பழக்கதோஷம், கை தானாகப் போய் அந்தக் கோட்டை அழித்துவிட்டது! பதறிப்போய், அழித்ததைத் திரும்பக் கொண்டுவந்தேன்.

அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் கூப்பிடும் முதலாளி வந்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"நல்லா வந்தீக்கி. மேல ஒரு கீறல் ஈக்கி, அத மட்டும் அழிச்சிடுங்க."

ஏழு வருடத்தில் அவர் அழிக்கச் சொன்ன எதையும் நான் அழிக்காமல் விட்டதில்லை.

"ஏலாது நானா. அது கீறல் இல்ல, எரிகல். அதுக்குத்தான் ராவெல்லாம் பனியில நின்டேன்."

அவர் இன்னும் கிட்டக் குனிந்து பார்த்தார். அலுமாரியைத் திறந்து, புதுக் கமராவை எடுத்து என் மேசையில் வைத்தார்.

"சனிக்கிழமை கலியாணம். பொம்புளையள்ட பக்கம் நீங்க எடுங்க."

எனக்கு இருந்த பெருமையில் அவருக்கு ஒரு நன்றி சொல்லக்கூடத் தோன்றவில்லை.